உப்பு பூத்த சுவர்

என்னுடைய நீல நூல் புடவை ஒன்றைக் காணவில்லை. மஞ்சள் பூப்போட்டது, பழசு, ஓரம் கிழிந்தது. கட்டிக்கொள்ள ஆகாது. ஆனாலும் அது என் பொருள். அதற்காக ஒரு நாள் முழுக்க வீட்டை இரண்டுபடுத்தினேன்.

"வண்டி தொடைக்க எடுத்தீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

அவர் பெயர் கலியபெருமாள். வாயில் போட்ட வெற்றிலையைக்கூட என்னைக் கேட்டுத்தான் துப்புவார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். கேட்காமலும் துப்புவார். "வண்டியத் தொடைச்சே ஒரு வருஷம் ஆவுது" என்றார். வெளியே நின்ற மொபெட்டைப் பார்த்தேன். உண்மைதான் போலிருந்தது. இருந்தாலும் நான் நம்பவில்லை. வீட்டில் இருப்பது இரண்டே பேர். நான் எடுக்கவில்லை என்றால் வேறு யார்?

அந்தப் புடவை இருந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு மரக்காணத்தில், உப்பளத்துக்குப் போகும் சாலையோரம் இருக்கிறது. அரசாங்கத் திட்டத்தில் கட்டிய வீடு. கட்டியவர்கள் அளத்துப் பக்கத்து மணலை அள்ளி, கரிப்புத் தண்ணீரை ஊற்றிக் கலவை போட்டுவிட்டார்கள். வீடு நின்றது. ஆனால் மேற்குச் சுவர் மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை பூத்துக்கொண்டே இருக்கிறது. காலையில் பார்த்தால் இடுப்பு உயரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாக உப்பு. தொட்டால் உதிரும், சாய்ந்தால் ஒட்டும்.

நான் பிறந்தது பிரம்மதேசம். நெல்லும் கரும்பும் விளைகிற ஊர். அங்கே சுவர் என்றால் சுவராகத்தான் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், சுவரை இப்படியா போட்டு வைப்பார்கள் என்று குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவித் தள்ளினேன். பெரிய பொறுப்புக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அடுத்த வாரம் இரண்டு மடங்கு பூத்தது. பிறகு என் வீட்டுக்காரர் மூன்று முறை சிமென்ட் பூசினார். மூன்று முறையும் அப்பளம் மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதற்கப்புறம்தான் அந்தச் சுவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று நாங்கள் கற்றுக்கொண்டோம்.

எங்கள் ஒரே மகள் இலக்கியாவின் கட்டில் போட வேறு இடமில்லாமல் அந்தச் சுவரோரம்தான் போட்டோம். பள்ளிக்கூடச் சட்டையின் முதுகில் எப்போதும் வெள்ளை ஒட்டியிருக்கும். பின்னிய சடையிலும் ஒட்டும். கூடப் படித்த பிள்ளைகள் அவளை 'உப்பு மூட்டை' என்று கூப்பிட்டதாக ஒரு நாள் அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கு இரண்டு ஆணி அடித்து, அந்த நீலப் புடவையைச் சுவரில் திரை மாதிரி கட்டினேன். அவள் நர்ஸ் படிப்பு முடித்து, பாண்டிச்சேரிக்குப் போய் ஜெர்மன் பேசக் கற்று, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை வாங்குகிறவரை அது அங்கேதான் தொங்கியது.

போவதற்கு முந்தின நாள் கேட்டேன். "அவ்ளோ தூரம் போயி அப்பிடி என்னாடி வேணும் ஒனக்கு?"

"செவுரு பூக்காத வீட்ல ஒரு நாளாவது படுத்துத் தூங்கணும்மா. அவ்ளோதான்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் நியாயம்தானே. பெட்டி கட்டினேன். எங்கள் அளத்துக் கல்லுப்பு ஒரு பிடி, விரலி மஞ்சள் ஒன்று, இரண்டையும் வெள்ளைத் துணியில் முடிந்து கொடுத்தேன். "புது வீட்டுக்குள்ள மொதல்ல இதான் போவணும். அப்புறம் பால் காய்ச்சிப் பொங்க வுடு. போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். சரிம்மா சரிம்மா என்றாள். மே மாதம் விமானம் ஏறினாள்.

போன மூன்றாம் நாளே போன் வந்தது. "வீடு கெடச்சிடுச்சும்மா. சூப்பரா இருக்குது."

"பால் காய்ச்சினியா?"

"அடுப்பு இன்னும் வரலம்மா."

ஜூன் மாதம் கேட்டேன், அடுப்பு வந்துவிட்டது, பாத்திரம் இல்லை என்றாள். ஜூலையில் பாத்திரம் இருந்தது, இந்த ஊர்ப் பால் பொங்காதும்மா என்றாள். பால் பொங்காத ஊர் உலகத்தில் எங்கேயாவது உண்டா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எந்தப் பூசணிக்காய் என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது. கோபக்காரிகளுக்குத்தான் உள்ளுக்குள் பயம் அதிகம்.

செப்டம்பர் மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, அளத்தில் வேலை முடித்துக் கொட்டகையில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். வீடியோ போட்டாள். என்னோடு உப்புக் கூடை சுமக்கிற மேரிசெல்வி பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, கண் மட்டும் கழுகுக்கண்.

"அக்கா, ஒம் பொண்ணு பின்னாடி நாலு வாஷிங் மெஷின் ஓடுது பாரு. வீட்டுக்கு நாலு மெஷினா? பெரிய எடமாத்தான் இருக்கும் போல."

நானும் பார்த்தேன். நான்கு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. "எங்கடி இருக்கே நீ?" என்றேன்.

அந்தப் பக்கம் அவள் முகம் சுருங்கியது. அப்புறம் எல்லாம் கொட்டிவிட்டது. வீடே கிடைக்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் மூன்று மாதம் ஹாஸ்டல் கொடுத்தார்களாம், அது முடிந்துவிட்டதாம். இப்போது கூட வேலை பார்க்கும் ஒரு மலையாளப் பெண்ணின் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறாளாம். அந்தப் பெண்ணுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று, என்னோடு பேச மட்டும் கீழே துணி துவைக்கிற அறைக்கு இறங்கி வருவாளாம்.

"இதான் விஷயம்னு சொல்றதுக்கு என்னாடி?"

"நீ அழுவேன்னுதான்."

"நான் எப்படி அழுவேன்? என்னைக்குடி அழுதிருக்கேன்?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். மேரிசெல்வி போனை வாங்கிக்கொண்டாள். மீதியை அவளிடம்தான் சொன்னாள் இலக்கியா. அந்த ஊரில் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தால்தான் நகராட்சியில் முகவரி பதிவாகும். முகவரி பதிவானால்தான் அங்கே தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிப்பார்கள். மலையாளப் பெண்ணின் புருஷன் அடுத்த மாதம் வந்துவிடுவார். அதற்குள் வீடு கிடைக்கவில்லையென்றால் எங்கள் மகள் வேலையை விட்டுத் திரும்பி வர வேண்டியதுதான்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். என் பெண்ணுக்கு அந்த எலி வளை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் தினமும் பேசினாள். மறைக்க ஒன்றும் இல்லை என்று ஆனதும் அவளுக்கும் லேசாகிவிட்டது. அங்கே வீடு பார்ப்பது பெண் பார்ப்பது மாதிரியாம், என்ன, ஒரு வீட்டுக்கு முப்பது பெண்கள் வரிசையில் நிற்பார்களாம். சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரிக் கடிதம், தன்னைப் பற்றி நாலு வரி, எல்லாம் கொடுக்க வேண்டுமாம். எல்லாரும் நன்றாகத்தான் சிரிப்பார்களாம். அப்புறம் போன் வராதாம். ஒரு வீட்டில், மசாலா போட்டுச் சமைப்பாயா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொன்னதும் ஜன்னலைப் பார்த்தார்களாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டுக்காரர்களைத் தமிழில் இருக்கிற எல்லா வார்த்தையாலும் திட்டினேன். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "நம்ம தெருவுல வாடகை கேட்டு வந்தவங்கள, என்னா ஆளுங்க, கறி திம்பீங்களான்னு கேக்காமயா வீடு குடுத்தாங்க?" அவர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் இப்படித்தான். நான் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

மேரிசெல்வி மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். நான் பிரம்மதேசம் சிவன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டேன். யார் கைக்கு எட்டுகிறதோ அவர்கள் செய்யட்டும் என்று விட்டுவிட்டோம்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் ஒரு வெள்ளிக்கிழமை, இலக்கியா கொஞ்சம் தெம்போடு பேசினாள். "ம்மா, நாளைக்கு ஒரு வீடு பாக்கப் போறேன். ஒரு ரூம், ஒரு கிச்சன். வீட்டுக்கார அம்மா மெயில்ல நல்லா பேசினாங்க. எங்க அம்மாவும் வீடியோல பாக்கலாமான்னு கேட்டேன், சரின்னுட்டாங்க. நீயும் பாரு. ஆனா ரெண்டு கண்டிஷன்."

"என்னா?"

"வாயத் தொறக்காத. அந்தச் செவுத்துக்கு முன்னாடி ஒக்காராத."

இரண்டாவது கண்டிஷன் புதிதில்லை. போனதிலிருந்தே சொல்கிறாள். கூட வேலை செய்கிறவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களாம். நானும் எப்போதும் பீரோவுக்கு முன்னால்தான் உட்காருவேன். பீரோ கண்ணாடியில் என் கொண்டைதான் தெரியும். கொண்டையால் யாருக்கும் வெட்கமில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி. அங்கே காலை பத்து. நான் அளத்திலிருந்து வந்து குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தலை வாரிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். வாடகைக்கு வீடு பார்க்கிறோமா, சம்பந்தம் பேசப் போகிறோமா என்று இருந்தது.

வீட்டுக்கார அம்மாவின் பெயர் லெம்கே. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல உயரம். வெள்ளை முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது. சிரித்தவர்கள் யாரும் போன் செய்யவில்லையே.

அது பழைய வீடு. முன்பக்கம் அந்த அம்மாவின் அப்பா கறிக்கடை வைத்திருந்தாராம். பின்பக்கத்து அறையில் பன்றிக்கறியை உப்புக்கண்டம் போட்டு மாதக் கணக்கில் தொங்கவிடுவார்களாம். கடை மூடி நாற்பது வருஷமாகிவிட்டது. அந்த அறையைத்தான் இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். இலக்கியா மெதுவாகப் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். பெரிய ஜன்னல். வெளியே ஒரு ஆப்பிள் மரம், மரத்தில் நிஜமாகவே ஆப்பிள். குட்டி அடுப்படி. புதுப் பெயிண்ட் வாசனை போனுக்குள்ளேயே வருகிற மாதிரி பளிச்சென்று இருந்தது. ஒரு பக்கச் சுவரில் பெரிய மர அலமாரி ஒன்றை ஒட்டிப் போட்டிருந்தார்கள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பெண் இந்த ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடிப்பாள் என்று நினைத்தேன். சாமி, இதைக் கொடுத்துவிடு என்று நினைத்தேன்.

அப்போது போன் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் கொஞ்சம் கீழே இறங்கியது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளத்தின் ஓரத்தில் மாவு தூவியது போல ஒரு வெள்ளைக் கோடு.

இருபத்தைந்து வருஷமாக உப்போடு வாழ்கிறேன். எனக்குத் தெரியாதா?

"அடியே, செவுரு பூத்திருக்குதுடி!"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் குரல் சாதாரணமாகவே பக்கத்து அளத்துக்குக் கேட்கும். ஜெர்மனியில் அந்த அறை முழுக்கக் கேட்டது. இலக்கியாவின் முகம் ஒரு நொடியில் வெளுத்தது.

லெம்கே அம்மா என்னவோ கேட்டார். இலக்கியா சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னாள். அந்த அம்மா சிரிக்காமல் போனுக்குள் என்னையே பார்த்துவிட்டுத் திரும்பவும் என்னவோ கேட்டார். அந்தப் பேச்சு என்ன என்று இலக்கியா அப்புறம் எனக்குச் சொன்னாள். ரூம் ரொம்ப அழகாக இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள் என்றாளாம் இவள். அதற்கு அந்த அம்மா, "அழகா இருக்குன்னு சொல்ற மூஞ்சி இது இல்லை. நிஜமா என்ன சொன்னாங்க?" என்றாராம்.

வாசலில் அடுத்து வீடு பார்க்க வந்த இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள். லெம்கே அம்மா கட்டியிருந்த கை இன்னும் இறுகியது. கண் மட்டும் அந்த அலமாரிப் பக்கம் போய்விட்டு வந்தது.

நுணலும் தன் வாயால் கெடும். இத்தோடாவது நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அது கோபமில்லை, வெட்கம். எனக்கு அந்த வெட்கம் தெரியும். விருந்தாளி வந்தால் நானும் பாயையும் அரிசி மூட்டையையும் அந்தச் சுவரோரம்தான் நிறுத்தி வைப்பேன். எழுந்தேன். போனைத் திருப்பி எங்கள் மேற்குச் சுவரைக் காட்டினேன்.

"ம்மா, வேணாம்மா" என்றாள் இலக்கியா. அழுகிற குரல்.

"சும்மா இருடி. அந்தம்மாகிட்ட சொல்லு. எங்க வீட்லயும் இதேதாங்க. நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல."

லெம்கே அம்மா இலக்கியாவின் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தார். இடுப்பு உயரத்துக்குப் பூத்துக் கிடக்கிற எங்கள் சுவரை, காலியாக இருந்த அந்த இரண்டு ஆணியை, எல்லாவற்றையும் பார்த்தார்.

நான் போனை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, உலர்ந்த துடைப்பத்தை எடுத்தேன். கீழே பேப்பர் விரித்தேன். மேலிருந்து கீழாக மெதுவாக வாரிக் காட்டினேன். உப்பு பொலபொலவென்று பேப்பரில் கொட்டியது. "தண்ணி ஊத்தவே ஊத்தாதீங்க. ஊத்தினா உப்பு உள்ள போய் ஒளிஞ்சிக்கும், அப்புறம் கூட்டத்தோட வரும். காஞ்ச தொடப்பத்தால வாருங்க. பெயிண்ட்டு, சிமென்ட்டு எதுவும் வேணாம், செவுத்துக்கு மூச்சு முட்டும். சுண்ணாம்பு மட்டும் அடிங்க. அலமாரிய ஒரு கை தள்ளிப் போடுங்க, காத்து போவட்டும். முழுசா நிக்காது. ஆனா கூட இருக்கப் பழகிக்கலாம்."

இலக்கியா ஒவ்வொன்றாக ஜெர்மனில் சொன்னாள். கடைசியில் அந்த அம்மா ஒரு வார்த்தை சொன்னார். தகவல் சொல்கிறேன் என்று அர்த்தமாம். போன் நின்றுவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. 'இத்தனை வீட்ல இது ஒண்ணுலதான் என்னை உக்காருன்னு சொன்னாங்க. கெடுத்துட்டம்மா.'

என் வீட்டுக்காரர் படித்துக் காட்டினார். அப்புறம் பேப்பரில் இருந்த உப்பை எடுத்துக்கொண்டு போய் வெளியே கொட்டினார்.

ஞாயிறு போன் இல்லை. திங்கள் இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் உப்பையெல்லாம் கரையேற்ற வேண்டும் என்று முதலாளி அவசரப்படுத்தினார். ஆண்கள் பாத்தியில் உப்பை வாரிக் குவிக்கக் குவிக்க நாங்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டினோம். தலையில் இருந்த கூடையைவிட நெஞ்சில் இருந்தது கனத்தது. உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது என்பது எங்களுக்கென்றே சொன்ன பழமொழி. நான் போனால் மழைகூட வேண்டாம், என் வாயே போதும்.

"அக்கா, ரெண்டு வாயி தின்னு" என்று மேரிசெல்வி டப்பாவை நீட்டினாள்.

"அந்தச் செவுரு வேணாம்னுதான்டி எம் பொண்ணு அவ்ளோ தூரம் போச்சி. நான் இங்கேருந்து தூக்கிக்கினு போய் அது முன்னாடி வச்சிட்டேன்" என்றேன். சோறு இறங்கவில்லை. மேரிசெல்வி என் தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறிச் சரியாகச் சுருட்டிக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. எடுத்ததும் அழுகை. வந்துவிடுடி கண்ணு, இங்கே வந்துவிடு, நம் வீடு இருக்கிறது என்று நான் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தேன்.

"ம்மா, கொஞ்சம் நிறுத்து. வீடு கெடச்சிடுச்சி."

"என்னாது?"

"எனக்குத்தான்மா குடுத்தாங்க. இப்பதான் கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

பத்து வருஷத்தில் அந்த அறைக்கு ஏழு பேர் குடிவந்தார்களாம். ஏழு பேரும் அழகான ரூம் என்று சொல்லித்தான் வந்தார்களாம். குளிர் காலத்தில் சுவர் பூத்ததும் சண்டை போட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். ஒருவர் வக்கீல் நோட்டீஸே விட்டாராம். ஒவ்வொரு தடவையும் அந்த அம்மா பெயிண்ட் அடித்து, அலமாரியை இழுத்து மறைத்து, அடுத்த ஆள் வருகிறவரைக்கும் தூங்காமல் இருப்பாராம். "உன் அம்மாதான் பார்த்த உடனே சொன்னாங்க. நீ அந்தச் சுவரோட வளர்ந்த பொண்ணு, நீ ஓட மாட்ட" என்றாராம். அலமாரியை அன்றைக்கே தள்ளிப் போட்டுவிட்டாராம்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். "ஒனக்குப் புடிச்சிருக்குதாடி? செவுரு பூக்காத வீடுதானே கேட்டே."

"கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம், வேணாம்னு சொல்லிடலாமான்னு இருந்துச்சி. அப்புறம் செவுத்துல கை வச்சேன். கையில ஒட்டிச்சி. சின்னப் புள்ளையில பண்ற மாதிரி நாக்குல வச்சிப் பாத்தேன்."

"அய்ய! பன்னிக்கறி தொங்கின செவுருடி அது!"

சிரித்தாள். நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை. "நம்ம வீடு மாதிரியே இருந்துச்சும்மா" என்றாள்.

அக்டோபர் ஒன்றாம் தேதி குடிபோனாள். வீடியோவில் நாங்கள் பார்க்கப் பார்க்க, அந்த வெள்ளை முடிச்சை எடுத்துக்கொண்டு வலது காலை வைத்து உள்ளே போனாள். முடிச்சை மே மாதத்திலிருந்து பிரிக்கவே இல்லை. பால் வைத்தாள். 'பொங்காத ஊர்ப் பால்' ஐந்தே நிமிடத்தில் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. கருகிய புகைக்குக் கூரையில் இருந்த ஏதோ ஒரு பெட்டி வீல் வீலென்று கூவ ஆரம்பித்தது. லெம்கே அம்மா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து கூரைக்கு விசிறினார். இது வேண்டுமென்றே செய்தது என்று புரிய வைக்க இலக்கியாவுக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்புறம் மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு ஆளுக்கு ஒரு டம்ளர் குடித்தார்கள். அந்த அம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பாத்தியெல்லாம் ஒரே ஏரியாகிவிட்டது. அடுத்த தை வரைக்கும் உப்பு வேலை கிடையாது. நவம்பரில் மழை நான்கு நாள் விட்டு, நல்ல வெயில் அடித்தது. மழை விட்டுக் காயும்போதுதான் சுவர் நன்றாகப் பூக்கும். அன்றைக்கு எங்கள் மேற்குச் சுவர் மல்லிகைப் பந்தலாக நின்றது. அந்த நேரம் வீடியோ போட்டாள். நான் வழக்கம்போலப் பீரோ முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அவளுக்கு அன்றைக்கு லீவு. கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். ஹீட்டர் போட்டதிலிருந்து சுவர் பூக்க ஆரம்பித்துவிட்டதாம். வாரத்துக்கு ஒரு நாள் அவளும் லெம்கே அம்மாவுமாக வாரி எடுக்கிறார்களாம். பேசிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. இரண்டு ஆணி. இந்த ஆணியிலிருந்து அந்த ஆணி வரைக்கும் ஒரு புடவை. நீலம். மஞ்சள் பூப்போட்டது.

"ஏன்டி, அது என் பொடவ இல்ல?"

திரும்பிப் பார்த்தாள். சீப்பு தலையிலேயே நின்றது. "ஆமா" என்றாள்.

"எப்படி எடுத்துக்கினு போனே?"

"நீ பொட்டி கட்டிட்டுத் தூங்கினப்புறம், அடியில வச்சிட்டேன்."

"செவுத்தப் பாக்கவே வேணாம்னுதானேடி போனே? அத எதுக்கு எடுத்தே?"

"தெரியலம்மா. சோபால படுத்தப்பல்லாம் தலகாணிக்குச் சுத்திப் படுத்துக்குவேன். இப்ப அதுக்கு செவுரு கெடச்சிடுச்சி."

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் வண்டி தொடைக்கல, பாத்தியா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஆறு மாதப் பழி. நான் ஒரு மன்னிப்பு கேட்டிருக்கலாம். போனுக்குள் அந்தப் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ம்மா."

"என்னாடி?"

"எப்பப் பாத்தாலும் என்னா பீரோ முன்னாடியே ஒக்காந்துக்கற? அந்தப் பக்கம் போய் ஒக்காரு. நம்ம செவுத்துக்கிட்ட."

போய் அவள் கட்டிலில் உட்கார்ந்து சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். முதுகெல்லாம் உப்பு ஒட்டியது. ஒட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.